அம்மாவின் கண்ணால் மூன்று நகரங்கள்

திருச்சி,
சித்திரை 3.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. அச்செடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. சேர்த்த பணத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதற்கே உன்னை உச்சி முகர வேண்டும்போல் இருக்கிறது. பத்து இரவுக்கு ஏழு நகரங்களை எழுதிவிட்டு, "எதையாவது விடணுமா பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாய். நான்கை விட்டுவிடு. பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றும் போதும்.

கணக்குப் போட்டுப் பார். ஏழு நகரம் என்றால் ஆறு முறை பெட்டி கட்ட வேண்டும். காலையில் அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய் வண்டி பிடித்து, இறங்கிய ஊரில் ஓட்டலைத் தேடிப் போனால் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். ஒவ்வொரு மாறுதலும் அரை நாளைத் தின்றுவிடும். ஆறு மாறுதலுக்கு மூன்று நாள். அத்தனை நாளைப் பெட்டி இழுக்கவே கொடுத்துவிட்டு மிச்சமுள்ள நாளில் ஏழு ஊர் பார்த்தால், உன் அம்மா மனதில் எந்த ஊரும் தங்காது. பிராக்கில் மூன்று இரவு, வியன்னாவில் நான்கு, புடாபெஸ்ட்டில் மூன்று என்று வைத்துக்கொள். போகும் விமானம் பிராக்கில் இறங்கட்டும். வரும் விமானத்தை புடாபெஸ்ட்டில் பிடியுங்கள். நடுவில் இரண்டே ரயில் பயணம். பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து புடாபெஸ்ட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஜன்னலோரம் அம்மாவுக்கு.

ஏன் இந்த மூன்று ஊர் என்று சொல்வதற்கு முன், தாத்தா கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பதினான்கு வருடத்துக்கு முன் தாத்தாவை நான் இதே பக்கம் அழைத்துப் போனேன். நீ அப்போது ஆறாம் வகுப்பு. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நான் சரித்திர டீச்சர். வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அப்பாவுக்கு நேரில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனையில் 1,441 அறைகள் உண்டு. மக்களுக்குத் திறந்துவிட்டிருப்பது நாற்பது அளவில். ஓர் அறையையும் விடாமல் அவரை நடக்க வைத்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவர் இன்ஜின் பக்கம் போய் நின்றுவிடுவார். சக்கரத்தைக் குனிந்து பார்ப்பார். "அப்பா, நேரமாகுது" என்று கையைப் பிடித்து இழுப்பேன். ஒரு நாளும் அவர் மறுத்ததில்லை. வந்துவிடுவார்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர், "என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டார். நான் காட்டிய எந்த அரண்மனையையும் அப்பா சொல்லவில்லை. புடாபெஸ்ட்டில் மழைக்கு ஒதுங்கி ஏறிய ஒரு பழைய மெட்ரோ வண்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். தூணின் இரும்பு, அதில் ரிவெட் அடித்திருந்த வரிசை, பெட்டி வளைவில் திரும்பும் விதம், எல்லாம் சொன்னார். நாங்கள் அதில் இருந்தது இருபது நிமிடம்கூட இருக்காது. அடுத்த அருங்காட்சியகம் மூடிவிடுமே என்று அவரை இறக்கிக் கூட்டிப் போனது நான்தான். ஒரு முழு நாளை அவருக்கு அங்கேயே கொடுத்திருக்கலாம். தாத்தா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த நாளை இனி எங்கே போய்க் கொடுப்பது?

அதில் நான் கற்றுக்கொண்டதை உனக்குக் கொடுக்கிறேன். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணைக் கொடுத்திருக்கும். தச்சர் ஓர் ஊருக்குப் போனால் கதவைப் பார்ப்பார். விவசாயி மண்ணைப் பார்ப்பார். பெற்றவர்களை ஊர் பார்க்கக் கூட்டிப் போகிறவர்கள், அந்தக் கண்ணுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். நமக்குப் பிடித்ததை அவர்கள் பின்னால் வந்து பார்த்துவிட்டுப் போவது பயணம் ஆகாது.

உன் அம்மா முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் அங்கே வந்து தங்கியிருக்கிறேன். டியூட்டி முடிந்து அவள் வாசலில் நுழைந்ததும் நீ கையை நீட்டிக்கொண்டு அழுவாய். அவள் தூக்க மாட்டாள். நேராகக் குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண் விடாமல் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உன்னிடம் வருவாள். "குழந்தை அழுதுடி" என்று நான் கோபித்துக்கொண்டதும் உண்டு. அந்தக் கைகழுவலுக்கு ஓர் ஊர் இருக்கிறது. அது வியன்னா. அதை அங்கே தொடங்கிவைத்தவர் பிறந்த ஊர் புடாபெஸ்ட். அதனால்தான் இந்த மூன்றைப் பொறுக்கினேன். வழியில் பிராக் இருக்கிறது, அதுவும் வீண்போகாது.

முதலில் காகித வேலை. மூன்று நாடுகளும் ஷெங்கன் விசாவுக்குள் வருகின்றன. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நீங்கள் நான்கு இரவு வியன்னாவில் இருப்பதால் ஆஸ்திரியாவுக்கு விண்ணப்பம் போடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். பதினைந்து நாளுக்குள் வந்துவிட்டால் வாங்க மாட்டார்கள். கோடை நெருங்கினால் நாள் கிடைப்பது கஷ்டம், ஆகவே இப்போதே பதிவு செய். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை வெறும் காகிதமாக நினைக்காதே. எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று எழுதி அம்மா கைப்பையிலும் ஒரு பிரதி வை. அவசரத்துக்கு மூன்று நாட்டிலும் 112. அவளுடைய பிரஷர் மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாதே. டாக்டர் சீட்டோடு கையில் இருக்கட்டும். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்க வேண்டும்.

பணம் மூன்று விதம். ஆஸ்திரியாவில் யூரோ, செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட். அம்மா ஒவ்வொரு விலையையும் ரூபாயாக்கிப் பார்ப்பாள், பார்த்துவிட்டு "எனக்கு வேண்டாம், பசிக்கலை" என்பாள். அவளோடு நான் பிறந்தவள், எனக்குத் தெரியும். ரயில், அறை, முக்கியமான நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிவிடு. "எல்லாம் கட்டியாச்சும்மா, போகாவிட்டால்தான் நஷ்டம்" என்று ஒரு முறை சொன்னால் போதும், அவள் கணக்கு நின்றுவிடும்.

அடுத்து அவள் கால். பழைய நகரங்களின் தெருக்கள் கல் பாவியவை. பிராக்கில் நடைபாதைகூடச் சின்னச் சின்னக் கல்லாகப் பதித்திருப்பார்கள். பார்க்க அழகு, முட்டிக்கு வேதனை. இங்கேயே நல்ல நடை ஷூ வாங்கி, தினமும் காலையில் அவளை அதைப் போட்டு நடக்க வை. புது ஷூவோடு விமானம் ஏறக் கூடாது. "கால் வலிக்குதா?" என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. முப்பத்தொரு வருடம் நின்றே வேலை பார்த்தவள், இல்லை என்றுதான் சொல்வாள். கேட்காமல் கவனி. தேவையில்லாத ஒரு கடை ஜன்னல் முன் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், உட்கார இடம் தேடு. நாளுக்கு ஒரு டிக்கெட் இடம் போதும், அது காலையில். மதியம் இரண்டு மணி நேரம் அறையில் படுக்கட்டும். மே மாதக் கடைசியில் அங்கே எட்டரை மணிக்கு மேல்தான் பொழுது சாயும். மாலைக்கு மாலையும் கிடைக்கும், ஓய்வுக்கு ஓய்வும் கிடைக்கும். கழிப்பறையைப் பார்த்த இடத்தில் பயன்படுத்திவிட வேண்டும். பொது இடத்தில் பல ஊர்களில் காசு கேட்பார்கள், சில்லறை கையில் வை. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி பிராக். கோட்டை குன்றின் மேல் இருக்கிறது. எல்லோரும் கீழிருந்து படி ஏறி, மேலே போனதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் 22-ஆம் எண் டிராமில் மேலே போய் இறங்கி, பார்த்து முடித்துவிட்டு, சரிவில் மெதுவாக நடந்து வாருங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் பெட்டியில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட் வாங்காத டிக்கெட்டுக்குச் சமம். பரிசோதகர் வந்தால் அபராதம்தான். கோட்டைக்குள் செயின்ட் வைட்டஸ் பேராலயம். 1344-ல் கட்டத் தொடங்கினார்கள்; போரும் பணமுடையும் நிறுத்தி நிறுத்தி, முடிந்தது 1929-ல். ஏறக்குறைய அறுநூறு வருடம். முதல் கல் வைத்தவரின் பேரனுடைய பேரனும் முழுக் கோயிலைப் பார்த்திருக்க முடியாது. எந்தக் கல் பழையது, எது புதியது என்று அம்மாவோடு சுற்றி வந்து தேடிப் பார், நிறத்திலேயே தெரியும்.

வல்தவா ஆற்றின் மேல் சார்லஸ் பாலம், 1357-ல் நான்காம் சார்லஸ் மன்னர் அடிக்கல் நாட்டியது. 516 மீட்டர் நீளம், இருபுறமும் முப்பது சிலைகள். பத்து மணிக்குமேல் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பாய், பிக்பாக்கெட்டுக்கும் அதுதான் நேரம். உங்கள் உடம்பு முதல் இரண்டு நாளும் இந்திய நேரத்தில்தான் இருக்கும், விடியற்காலையிலேயே விழித்துவிடுவீர்கள். படுத்துப் புரளாமல் எழுந்து பாலத்துக்குப் போங்கள். ஆறு மணிக்குப் பாலம் உங்களுடையது. பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ல் அமைத்த வானியல் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. மணி அடிக்கும்போது மேல் ஜன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போவார்கள். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும். எல்லோரும் மேலே பார்க்கும் அந்த ஒரு நிமிடம் கைப்பையை முன்பக்கம் பிடித்துக்கொள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் யூதர் பகுதி. பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் கையால் எழுதிய பெயர்கள் இருக்கும். பொஹீமியா, மொரேவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற ஏறக்குறைய 80,000 யூதர்களின் பெயர்கள். மாடியில் டெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். சனிக்கிழமை மூடியிருக்கும், அதற்கேற்ப நாளை வைத்துக்கொள். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூட்டிப் போ. அவள் வேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்காரட்டும். போனால், அங்கே போட்டோ எடுக்க வேண்டாம்.

பிராக்கில் இன்னொன்றையும் அம்மாவிடம் சொல். நம் மொழிக்கு வாழ்நாளைக் கொடுத்த கமில் சுவெலபில் 1927-ல் பிறந்தது இந்த ஊரில். இந்தத் தெருக்களில் நடந்த ஒருவர்தான் சங்கப் பாட்டைப் படித்து, தமிழ் இலக்கியம் பற்றி உலகத்துக்கு எழுதினார். 1968-ல் சோவியத் டாங்கிகள் இந்த நகரத்துக்குள் நுழைந்த பிறகு அவர் நாட்டைவிட்டுப் போனார். பின்னாளில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். தமிழ் தெரியாத ஊருக்கு வந்திருக்கிறோம் என்று அம்மா கூச்சப்பட்டால் இதை நினைவுபடுத்து.

வியன்னா ரயில் வழியில் பர்னோ என்ற ஊரில் நிற்கும். பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பரம்பரை விதிகளைக் கண்டுபிடித்த மெண்டல் துறவியாக இருந்த மடம் அந்த ஊரில்தான். இறங்க வேண்டாம், ஜன்னல் வழியே ஒரு கும்பிடு போதும்.

வியன்னாவில் முதல் நாள் ஒன்றும் பார்க்காதீர்கள். டிராமில் ஏறி ரிங் சாலையைச் சுற்றுங்கள். ஒரு காலத்தில் அங்கே கோட்டை மதில் இருந்தது. 1857-ல் அதை இடிக்கச் சொன்னார் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப். மதில் இருந்த வட்டத்தில் அகலமான சாலை போட்டு 1865-ல் திறந்தார்கள். நாடாளுமன்றம், ஓபரா, பல்கலைக்கழகம், நகர மன்றம், அருங்காட்சியகங்கள் எல்லாம் அந்த ஒரே சாலையில். உட்கார்ந்தபடி முக்கால்வாசி வியன்னாவைப் பார்த்துவிடலாம். பிறகு ஏதாவது ஒரு காபி ஹவுஸில் உட்காருங்கள். சின்னத் தட்டில் காபியும் கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். ஒரே காபியோடு மணிக்கணக்காக உட்காரலாம், எழுந்திரு என்று பார்வையால்கூடச் சொல்ல மாட்டார்கள். நம் டிகிரி காபிக்கு ஈடாகுமா என்பதை அம்மா சொல்லட்டும்.

அந்தத் தண்ணீரைப் பற்றி அவளிடம் சொல். காலரா, டைஃபாய்டு பயத்தில் இருந்த நகரம், ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குக் குழாயும் கால்வாயும் கட்டி, 1873-ல் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தது. இன்றும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். தெருக் குழாயிலும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். எத்தனை வயிற்றுப்போக்குக் குழந்தைகளைப் பார்த்தவள் அவள்! ஒரு குழாயின் மதிப்பு உன்னையும் என்னையும்விட அவளுக்குத் தெரியும்.

ஒரு காலை கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு. நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும், எல்லாம் வேண்டாம். ஓவியர் ப்ரூகலின் படங்கள் இருக்கும் அறைக்கு நேராகப் போங்கள். அவர் 1560-ல் வரைந்த 'குழந்தை விளையாட்டுகள்' படத்தின் முன் அம்மாவை உட்கார வை. இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு தெருவில் விளையாடுகிறார்கள். பச்சைக்குதிரை தாண்டுகிறவர்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறவள், வளையம் உருட்டுகிறவன். இடது மூலையில் இரண்டு பெண்கள் எலும்புக் காய்களை வைத்து விளையாடுவது, நானும் உன் அம்மாவும் திண்ணையில் ஆடிய கல்லாங்காய் மாதிரியே இருக்கும். எத்தனை நம் ஆட்டம் தேறுகிறது என்று அவள் எண்ணட்டும்.

இனி, இந்தப் பயணத்தில் நான் முக்கியமாக நினைப்பது. ஷோட்டன்டோரிலிருந்து 43-ஆம் எண் டிராமில் ஏறி ஆல்சர் தெருவில் இறங்குங்கள். பெரிய வாசலுக்குள் மரம் நிறைந்த முற்றங்கள். இப்போது பல்கலைக்கழக வளாகம், பிள்ளைகள் புல்லில் படுத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் கிடையாது. 1784-ல் இரண்டாம் யோசஃப் பேரரசர் திறந்த பொது மருத்துவமனை இதுதான். இங்கே பிரசவப் பிரிவு இரண்டு இருந்தது. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றார்கள். நாள் விட்டு நாள் மாற்றி மாற்றிக் கர்ப்பிணிகளைச் சேர்ப்பார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகத்தான் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். டாக்டர்கள் பிரிவில் ஏறக்குறைய பத்துப் பேர். ஊருக்கே இது தெரியும். முதல் பிரிவின் நாளில் வந்து சேர்ந்த பெண்கள், மற்றதில் போடுங்கள் என்று காலில் விழுந்து அழுதார்கள். சிலர் தெருவிலேயே பெற்றுக்கொண்டார்கள்.

அங்கே 28 வயதில் உதவியாளராக இருந்தவர் இக்னாஸ் செமல்வைஸ். படுக்கை, காற்றோட்டம், கூட்டம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார், விடை கிடைக்கவில்லை. 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா என்ற டாக்டர், பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டு இறந்தார். அவருக்கு வந்த அறிகுறிகள் அப்படியே பிரசவக் காய்ச்சலின் அறிகுறிகள். செமல்வைஸுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்த கையோடு நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. கிருமி என்ற ஒன்றை யாரும் அறியாத காலம். இருந்தும், மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் தாயைத் தொடக் கூடாது என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்த அதே பிரிவில், ஜூனில் அது நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கு இறங்கியது.

அவரைக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைப்பாய். இல்லை. தங்கள் கையே தாய்மாரைக் கொன்றது என்பதைப் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. 1849-ல் அவருடைய வேலையை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். ஹங்கேரிக்குத் திரும்பி, பெஸ்ட் நகரத்துக்குப் போய், அங்கும் ஓர் ஆஸ்பத்திரியில் கை கழுவ வைத்துத் தாய்மாரைக் காப்பாற்றினார். மனம் சிதைந்து, 1865-ல் வியன்னாவில் ஒரு மனநலக் காப்பகத்தில் 47 வயதில் இறந்தார்.

நர்சிங் படிப்பில் இந்தப் பெயரை உன் அம்மா ஒரு வரியாகப் படித்திருப்பாள். அந்த முற்றத்தில் அவளோடு உட்கார்ந்து, நீ சொல்லாமல் அவளைச் சொல்லவிடு. அவள் வார்டில் எப்படிக் கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள், தண்ணீர் வராத நாளில் என்ன செய்தார்கள், யாரைக் காப்பாற்றினாள், யாரைக் காப்பாற்ற முடியவில்லை என்று கேள். நம் வீட்டில் யாரும் அவளிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. நடந்துபோகும் தூரத்தில் யோசஃபினம் இருக்கிறது. மருத்துவம் பயில்கிறவர்களுக்காக ஃபிளாரன்ஸில் செய்து, ஆல்ப்ஸைத் தாண்டிக் கொண்டுவந்த மெழுகு உடல்கள் அங்கே உள்ளன, பிரசவம் காட்டும் உருவங்களும். திறக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு போ. அங்கே நீ மாணவி, அவள்தான் டீச்சர்.

புடாபெஸ்ட்டில் ஆற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள். டானூப் நதிக்கு மேற்கே குன்றாக புடா, கிழக்கே சமவெளியாக பெஸ்ட். இவற்றோடு பழைய ஓபுடாவையும் சேர்த்து 1873-ல் ஒரே நகரமாக்கினார்கள். இரு கரையையும் இணைத்த முதல் நிரந்தரப் பாலம் 1849-ல் திறந்த சங்கிலிப் பாலம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பின்வாங்கிய ஜெர்மன் படை இதை வெடிவைத்துத் தகர்த்தது. சரியாக நூறு வருடம் கழித்து, 1949-ல் மறுபடி கட்டித் திறந்தார்கள். மாலையில் பெஸ்ட் கரையில் நின்றால் புடா குன்று முழுதும் விளக்கேற்றியதுபோல் தெரியும். குன்றின் மேல் போக 16-ஆம் எண் பஸ் இருக்கிறது.

நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், ஆற்றின் விளிம்பில் அறுபது ஜோடி இரும்புச் செருப்புகளைக் காண்பாய். 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய பாசிசக் கும்பல் யூதர்களை இங்கே நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி, ஆற்றுக்குள் விழும்படி சுட்டது. காலணிக்கு அன்று விலை இருந்தது. 2005-ல் இந்த நினைவை அமைத்தார்கள். அவற்றில் குழந்தைச் செருப்பும் உண்டு. அம்மா கையைப் பிடித்துக்கொள்.

கடைசி நாளை ஒரு வீட்டுக்காக வைத்துக்கொள். புடா அரண்மனைக் குன்றின் அடிவாரத்தில், அப்ரோத் தெருவில் செமல்வைஸ் பிறந்த வீடு. 1818-ல் அங்கே பிறந்தார். இப்போது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம். அவருடைய உடலின் எச்சமும் அந்த வீட்டு முற்றத்திலேயே அடக்கம். திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள். ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை. அன்று வேறு எந்த டிக்கெட்டும் வாங்கி வைக்காதே. மணி பார்க்காதே. நான் அப்பா கையைப் பிடித்து இழுத்தேனே, அதை நீ செய்யாதே.

திரும்பி வந்ததும், எத்தனை இடம் பார்த்தீர்கள் என்று கேட்க மாட்டேன். அந்த வீட்டு முற்றத்தில் உன் அம்மா எவ்வளவு நேரம் நின்றாள், வெளியே வரும்போது என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் எழுது.

அன்புடன்,
பெரியம்மா.

பி.கு.: தாத்தா சொன்ன அந்த மெட்ரோ, புடாபெஸ்ட்டின் முதல் வழித்தடம். 1896-ல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பியப் பெருநிலத்தில் அதற்கு முன் சுரங்க மெட்ரோ கிடையாது. தரைக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது, சில படிகள் இறங்கினால் போதும், அம்மா முட்டிக்குப் பாதகமில்லை. வொரோஷ்மார்ட்டி சதுக்கத்தில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய், அதே தடத்தில் திரும்பி வாருங்கள். நடுவில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, தூணில் ரிவெட் வரிசையைத் தொட்டுப் பார். தாத்தா பார்த்து முடிக்காததை நீ பார்த்து முடி.